வெளியூருக்கு வாடகை கார்: கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

டிராவல்ஸுக்கு போன் போட்டதும் எல்லோரும் முதலில் கேட்பது "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" என்றுதான். அதில் ஒரு ரூபாய் குறைத்துவிட்டால் பேரம் படிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் அது இல்லை, ஒரு நாளுக்கு மினிமம் எத்தனை கிலோமீட்டர், நாட்களை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்கிற இரண்டும்தான்.

தமிழ்நாட்டில் போய்த் திரும்பும் டிரிப்புக்குப் பொதுவாக நாளுக்கு 250 கிலோமீட்டர் மினிமம் போடுவார்கள், சிலர் 300. வண்டி அவ்வளவு ஓடாவிட்டாலும் காசு உண்டு. அதோடு பல இடங்களில் நாள் என்பது 24 மணி நேரம் கிடையாது, நள்ளிரவு 12லிருந்து அடுத்த நள்ளிரவு 12 வரை. சென்னையிலிருந்து கும்பகோணம் போய், பக்கத்துக் கோயில்கள் நாலைந்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப 640 கிலோமீட்டர் ஆகிறது என்று வையுங்கள். வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் மூன்று நாள் கணக்கு, அதாவது 750 கிலோமீட்டருக்குப் பில். அதையே சனி விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் இரண்டு நாள்தான், ஓடிய 640க்குக் கொடுத்தால் போதும். 14 ரூபாய் ரேட்டில் 1,540 ரூபாய் மிச்சம், ஒரு நாள் டிரைவர் பேட்டாவும் மிச்சம்.

கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்குகிறீர்கள், அங்கே வண்டி சும்மாதான் நிற்கும் என்றால் ஒன்வே டிராப்பாக இரண்டு தடவை புக் செய்வதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேட் கொஞ்சம் கூட இருக்கும், ஆனாலும் பல நேரம் அதுதான் மலிவு.

அப்புறம் ஷெட் டு ஷெட். வண்டி அவர்கள் ஷெட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதும், இறக்கிவிட்டுத் திரும்பிப் போவதும் உங்கள் கணக்கில்தான் ஏறும். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற டிராவல்ஸைப் பிடித்தால் இதிலேயே நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்விடும், அதனால் பக்கத்தில் இருப்பவர்களையே முதலில் கேளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

டோல் தனி என்றால் ஃபாஸ்டேக் கழித்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். தேசிய நெடுஞ்சாலை டோலில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வரச் சேர்த்து ஒன்றரை மடங்குதான், சிலர் இரண்டு முழு டோலாக எழுதிவிடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் ஹில்ஸ் சார்ஜ் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்கே வண்டி நுழைய 2024 மே முதல் வந்த இ-பாஸ் இலவசம், அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரேட் குறைவு என்று ஒயிட் போர்டு வண்டியை மட்டும் எடுக்கவே வேண்டாம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி வாடகைக்கு ஓடி விபத்தானால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து.

எல்லாம் பேசி முடித்ததும் மினிமம், நாள் கணக்கு, பேட்டா, ஷெட் கிலோமீட்டர், டோல், வெளி மாநிலம் என்றால் பர்மிட், ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு அட்வான்ஸ் போடுங்கள்.