முந்தைய தண்டனையை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எப்படி?

எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) மேல் எத்தனை எஃப்.ஐ.ஆர். இருந்தாலும் அவை முந்தைய தண்டனை ஆகாது. தீர்ப்பு வந்து, குற்றவாளி என்று முடிவாகியிருக்க வேண்டும். அதற்கான ஆவணமும் கையில் வேண்டும்.

எந்த ஆவணம் என்பதை இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 334-ஆம் பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி. 298) சொல்கிறது. தண்டித்த நீதிமன்றத்தின் ஆவணப் பொறுப்பாளர் சான்றளித்த தண்டனை உத்தரவு நகல், சிறைப் பொறுப்பு அலுவலர் கையொப்பமிட்ட சான்றிதழ், சிறைக்கு அனுப்பிய வாரண்ட் ஆகிய மூன்றில் ஒன்று போதும். நகல்தான் நல்லது, எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்பது அதில் முழுதாக இருக்கும்.

நகல் மனுவில் வழக்கு எண், தீர்ப்புத் தேதி, நீதிமன்றத்தின் பெயர் எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். ஆனால் அங்கே எடுத்த பிரிண்ட் அவுட் சான்றிட்ட நகல் அல்ல. நகல் வந்ததும் அடியில் 'உண்மை நகல்' என்ற சான்று, தேதி, அலுவலரின் பெயர், பதவி, கையொப்பம், முத்திரை இருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டதா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் அடையாளம். அன்று தண்டிக்கப்பட்டவரும் இன்று கூண்டில் நிற்பவரும் ஒருவரே என்பதற்குத் தனிச் சாட்சியம் தேவை என்று அதே பிரிவு சொல்கிறது. பெயரும் தகப்பனார் பெயரும் ஒத்துப்போவதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஊரில் நாலு முருகன் இருப்பார்கள். கைரேகை ஒப்பீடு, அன்றைய புலன் விசாரணை அதிகாரி அல்லது சிறை அலுவலரின் சாட்சியம் கைகொடுக்கும்.

கூடுதல் தண்டனை கேட்பதானால் முந்தைய தண்டனையின் தேதியையும் இடத்தையும் குற்றச்சாட்டில் குறிப்பிட வேண்டும். விட்டுப்போனால் தண்டனை விதிக்கும் முன்பு எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றம் சேர்க்கலாம் (பி.என்.எஸ்.எஸ். 234(7)). ஆனால் இப்போதைய வழக்கில் குற்றவாளி என்று முடிவாகும்வரை அந்தப் பகுதியை எதிரிக்கு வாசித்துக் காட்டக் கூடாது. பழைய கதை தெரிந்தால் புதிய வழக்கின் சாட்சியத்தைப் பார்க்கும் பார்வையே சாய்ந்துவிடும். முன்னதாக வாசிக்கப் போனால் எதிரி தரப்பு உடனே ஆட்சேபிக்க வேண்டும்.

முன்பு தண்டிக்கப்பட்டவருக்குக் கூடுதல் தண்டனை தரும் பிரிவு பி.என்.எஸ். (இப்போதைய தண்டனைச் சட்டம்) 13. அதன்படி பார்ப்பது பழைய வழக்கில் அனுபவித்த சிறைக்காலத்தை அல்ல, அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்ச தண்டனையை. அது மூன்றாண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

பழைய தீர்ப்பில் சம்பவத் தேதியையும் வயதையும் கணக்குப் பாருங்கள். அப்போது 18 வயது நிரம்பாதவர் என்றால், சிறார் வயதுக் குற்றத்தால் பிறகு தகுதியிழப்பு வரக் கூடாது என்னும் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவு குறுக்கே வரலாம்.