கோப்பு அளவு பார்க்கும்போது கணக்கு உதைக்கும் இடங்கள்

லினக்ஸில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ஒரு கோப்பின் அளவாக 1073741824 என்று ஓர் எண் வந்து நின்றால், அது ஒரு ஜிபி என்று சட்டென்று பிடிபடாது. அதைக் கே, எம், ஜி என்று சுருக்கிக் காட்டத்தான் கட்டளையோடு சேர்க்கும் ஹைபன் எச் (-h). ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையோடு அதை மட்டும் போட்டுவிட்டு அளவைக் காணோமே என்று தேடுகிறவர்கள் உண்டு. ஹைபன் எல் (-l) போன்ற ஒன்று கூட இருந்தால்தான் அளவே திரைக்கு வரும். அதைப் படிக்கும்படி மாற்றித் தருவதோடு எச்சின் வேலை முடிந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு ஃபோல்டருக்கு நேரே 4.0கே என்று இருந்தால், உள்ளே ஒன்றுமில்லை என்று அழித்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெயர்களைக் குறித்துவைக்க ஃபோல்டர் எடுத்துக்கொண்ட இடம்தான் அது. மொத்த அளவுக்கு டியூ ஹைபன் எஸ்எச் (du -sh) கட்டளை. அதிலும் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால், புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள் விடுபட்டுப்போகும். கேஷ் எனும் தற்காலிகக் கோப்புகள் குவிந்து கிடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நிறையப் பேர் ஏமாறுவது வரிசைப்படுத்தும்போது. டியூ தந்த பட்டியலில் 15கே, 900எம், 2.1ஜி என்று மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை எண் வரிசையில் அடுக்கும் சார்ட் ஹைபன் என் (sort -n) வழியாக அனுப்பினால் 2.1ஜி முதலில், 15கே நடுவில், 900எம் கடைசியில் வரும். சார்ட் எண்ணை மட்டும்தான் படிக்கிறது. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைச் சட்டையே செய்யாது. நாம் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு 900 எம்பியைத் துரத்துவோம், இரண்டு ஜிபி மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். சார்டுக்கும் ஹைபன் எச் கொடுத்தால் போதும். இந்தக் கட்டளைகள் அடங்கிய குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் 2009 முதலே இந்த வசதி இருக்கிறது, இருந்தும் பலர் ஹைபன் என்தான் போடுகிறார்கள்.

புதிதாக வாங்கிய 1 டிபி டிஸ்க்கை டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் ஹைபன் எச் (df -h) ஏறத்தாழ 931ஜி என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், சின்ன எச் 1024 ஆல் வகுக்கிறது. பெரிய எச் (-H) போட்டுப் பாருங்கள், ஆயிரக் கணக்குக்கு வந்துவிடும்.

சரி, கட்டளைகளைத் தொகுத்து எழுதும் ஸ்கிரிப்டுக்குள் இந்த எச் வேண்டவே வேண்டாம். குனு எல்எஸ் எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கும்: 1025 பைட் இருக்கும் கோப்பு 1.1கே ஆகிவிடும். ஒப்பிடவும் கூட்டவும் ஸ்டாட் (stat) கட்டளை தரும் பைட் எண்ணை அப்படியே எடுங்கள். திரையில் காட்டும் கடைசி வரிக்கு மட்டும், எண்ணைப் படிக்கும்படி மாற்றித் தரும் நம்எஃப்எம்டி (numfmt) போதும்.