மொட்டை மாடிக் கோழி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்னி நட்சத்திரம் பிறந்த சில நாட்களில் சென்னையின் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் கோழி சுருண்டு விழுகிறது. "தீனியில் ஒரு குறையும் வைக்கவில்லையே" என்று வளர்த்தவர் கலங்கி நிற்பார். உண்மைதான், குறை தீனியில் இல்லை. தலைக்கு மேலிருக்கும் தகரத்திலும் தட்டிலிருக்கும் தண்ணீரிலும் இருக்கிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊரில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. இது தெரியாமல் பலர் கூண்டுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தரையில் பரப்பிய உமி நனைந்து அம்மோனியா வீச்சம் கண்ணைக் கரிக்கும். ரத்தக்கழிச்சல் கிருமிக்கும் அந்த ஈரம்தான் வேண்டும். நனைக்க வேண்டியது கூரையை. தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி அதன்மேல் நீர் தெளியுங்கள். உள்ளே காற்று ஓடட்டும். கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தைத் தார்ப்பாயால் மூடிய கூண்டைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

அடுத்தது தண்ணீர். கோழி தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீர் குடிக்கும். வெயிலில் இன்னும் கூடும். ஆனால் நண்பகலில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். அதைக் கோழி சீண்டாது. நீர் குடிக்காத கோழி தீனியும் எடுக்காது, எடையும் ஏறாது. நிழலில் மண்சட்டி வைத்து அடிக்கடி நீரை மாற்றுவது ஒன்றே போதும். தீவனத்தை விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். செரிமானமும் உடலில் சூட்டைக் கிளப்பும் என்பதால் உச்சி வெயிலில் தட்டு காலியாக இருப்பது நல்லது.

முட்டை ஓடு மெலிந்தால் உடனே கிளிஞ்சல் தூளைக் கூட்டுகிறார்கள். கோடையில் அது மட்டும் பலிக்காது. மூச்சிரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் கிடைக்காமல் போகிறது. முதலில் சூட்டைத் தணிக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோயைத் தடுக்க, குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் அதன் கண்ணில் சொட்டு மருந்து விடுவதைப் பலர் சரியாகவே செய்கிறார்கள். அடுத்த தவணையைக் குடிநீரில் கலக்கும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். அது உயிருள்ள கிருமியாலான தடுப்பூசி. குழாய் நீரிலிருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும். குளோரின் கலக்காத நீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் தூளைக் கரைத்து, அதன்பின் மருந்தைக் கலக்க வேண்டும். மருந்தை வாங்கும் இடத்திலிருந்து வீடு வரை ஐஸில் வைத்துக் கொண்டுவருவதும் அவ்வளவு முக்கியம்.

நோய் வரும் முன்பே நீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மனிதருக்குக் கடைசிப் புகலான கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை மத்திய அரசு 2019இல் தடை செய்ததே இதன் ஆபத்தைச் சொல்லும்.

தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல்கள். அவை முட்டையும் இடாது, கறிக்கோழி போல விரைவாக எடையும் ஏறாது. அவற்றுக்கு மீந்த சோற்றை மட்டும் போட்டு வளர்ச்சிக்குக் காத்திருப்பது இன்னும் பாவம். குஞ்சுத் தீவனத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் புரதம் வேண்டும், சோற்றில் அது இல்லை. குஞ்சு வாங்குவதாக இருந்தால் மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழக வளாகத்தில் விசாரித்துவிட்டு, கோடை தணிந்தபின் வாங்குங்கள். முதல் வாரம் பல்பின் கீழ் 35 டிகிரி சூடு வேண்டும் என்பது பாடம். அதற்காகச் சென்னைப் பகலில் பல்பை எரியவிட்டுப் போய்விடாதீர்கள். குஞ்சுகள் பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் உடனே அணையுங்கள்.