குழந்தைகளுக்கு இலவசப் பல் சிகிச்சை: உதவ வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசதியில்லாத குடும்பத்துக் குழந்தைகளின் பல் சிகிச்சைக்கு உதவ வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் திட்டத்தை எடுத்து நீட்டும்போது, முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது: நாங்கள் தொடக்கத்தில் செய்து கெடுத்ததையே இவர்களும் செய்யப் போகிறார்கள். ரசீது கொடுக்காமல் இருப்பது, கையுறையை மாற்றாமல் அடுத்த பிள்ளையைப் பார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

பால் பல்தானே என்று பிடுங்குவது

பிடுங்கினால் செலவு குறைவு, எண்ணிக்கையும் ஏறும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் ஏறக்குறைய 9 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. 5 வயதில் எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்து, பின்னால் வரும் நிலையான பல்லுக்கு இடமில்லாமல் போகலாம். சீழ் பிடித்துக் காப்பாற்ற முடியாத பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும். தேவைப்படும் பிள்ளைக்கு இடைவெளியைக் காக்கும் ஸ்பேஸ் மெயின்டெய்னருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

பார்த்துவிட்டு, சீட்டு எழுதி அனுப்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மேடை, பேனர், விருந்தினர், வரிசையில் பிள்ளைகள். டார்ச் அடித்து வாயைப் பார்த்து, "சொத்தை இருக்கு, டாக்டரிடம் காட்டுங்கள்" என்று ஒரு சீட்டு. மறுநாள் 'இத்தனை நூறு குழந்தைகள் பயனடைந்தனர்' என்று அறிக்கை. என்ன பயன் அடைந்தார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, 50 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு இருக்கும் என்பது முகாம் போடாமலே தெரியும். அந்த டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால்தானே உங்களிடம் வந்தார்கள்?

ஓர் அம்மா தன் மகளுக்கு வெவ்வேறு முகாம்களில் கிடைத்த மூன்று சீட்டுகளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். மூன்றும் ஒரே பல்லைப் பற்றியவை. முதல் சீட்டில் சிறு குழி, மூன்றாவதில் வீக்கம். அது 6 வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப் பல். "விழுந்து முளைக்கிற பல்லுதானே சார்" என்றார் அவர். அது விழாத, நிலையான பல் என்று மூன்று முகாமிலும் ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. தொடக்கத்திலேயே அடைத்திருந்தால் ஒரே அமர்வில் முடிந்திருக்கும். கடைசியில் வேர் சிகிச்சை வரை போனது.

அதனால் திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் சிகிச்சை செய்யும் மருத்துவர்களிடம் பேசி, மாதத்துக்கு எத்தனை குழந்தைகளை எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். அந்த அளவுக்கு மட்டும் பிள்ளைகளைப் பாருங்கள். பெற்றோர் கையில் சீட்டைத் திணிக்காமல், தேதியும் நேரமும் குறித்துக் கொடுங்கள். முந்தின நாள் நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும். பயணச் செலவும் கணக்கில் வர வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும் வீடுகள் இவை. இலவசம் என்று சொல்லிவிட்டு வேலை நேரத்தில் வரச் சொன்னால் எப்படி வருவார்கள்?

அங்கேயே செய்து முடிக்கக்கூடியவையும் உண்டு. சொத்தையைத் தடுக்கப் பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷுக்குப் பல் மருத்துவ நாற்காலி தேவையில்லை. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட் வைத்து அடைக்கும் முறை, 1980களில் தான்சானியாவில் டிரில் இல்லாத இடங்களுக்காகவே உருவானது. எல்லாச் சொத்தைக்கும் ஒத்துவராது. ஆழம் போய்விட்டால் நாற்காலிதான்.

நன்கொடையாளருக்கு ஒன்று: 'எத்தனை பேரைப் பார்த்தீர்கள்' என்று கேட்காதீர்கள். 'எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது' என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், பரவாயில்லை.

கருப்பாகும் மருந்தைச் சொல்லாமல் பூசுவது

சில்வர் டையமின் ஃப்ளோரைடு வலியில்லாமல் சொத்தையை நிறுத்த உதவும். 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் சொத்தையான இடம் நிரந்தரமாகக் கருப்பாகிவிடும். அதை முன்கூட்டியே சொல்லாமல் முன்பல்லில் பூசிவிட்டு, மறுநாள் கோபத்தோடு வந்த பெற்றோருக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு குழு நின்றதைப் பார்த்திருக்கிறேன். படத்தைக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கி, அப்புறம் பூசுங்கள்.

பிரஷ் மட்டும் கொடுப்பது

ஃப்ளோரைடு பற்பசையும் கொடுங்கள். ஃப்ளோரைடு அளவு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) என்று உறையில் இருக்கிறதா பாருங்கள்.

சொத்தைப் பல் தெரியும் படம்

நிதி திரட்டப் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்.

நடமாடும் பல் மருத்துவ வண்டி

வாங்கப் பணம் கிடைக்கும், ஓட்டக் கிடைக்காது.

காலாவதியாகப் போகும் பொருட்கள்

வார்னிஷ், அயனோமர், மரப்பு ஊசி எல்லாவற்றிலும் தேதி உண்டு. யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் வாங்கும்போதே பார்த்து, தேதி நெருங்கியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.