பள்ளி மைதானத்தில் ஓரியண்டீரிங்: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைபடம் பழக்குவது எப்படி?

வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து இடங்களைத் தேடிப் போகும் விளையாட்டுதான் ஓரியண்டீரிங். 1897-இல் நார்வேயில் பொதுமக்களுக்கான முதல் போட்டியை நடத்தினார்கள். அங்கே காட்டில் ஓடுகிறார்கள். நமக்குப் பள்ளி மைதானமே போதும்.

முதல் நாளே திசைகாட்டியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஊசி ஆடுவதை வேடிக்கை பார்ப்பதிலேயே பீரியட் முடிந்துவிடும். இந்த வயதில் பழக வேண்டியது ஒன்றுதான்: உடம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும், கையிலுள்ள படம் தரையோடு பொருந்தியே இருக்க வேண்டும்.

படி 1: மேசை

மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ், ரப்பர் வைத்து வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாட்டிலை மூடி, கழுத்தோடு பக்கவாட்டில்தான் வரைவார்கள். பரவாயில்லை. பெஞ்சு மேல் ஏறி நேர் மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். "சார், வெறும் வட்டம்தான் தெரியுது!" என்று ஒரு குரல் வரும். அந்த வட்டத்தையே வரைய வைத்தால் போதும், தனி விளக்கம் தேவையில்லை.

படி 2: வகுப்பறை

அவசரப்படக் கூடாத இடம் இது. வகுப்பறைப் படத்தைத் தரையில் விரித்து, படத்துக் கதவு நிஜக் கதவின் பக்கம் இருக்கும்படி வையுங்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி நடக்கட்டும். எதிர்ப்பக்கம் நிற்கும் பிள்ளைக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். உடனே தாளைத் தன் பக்கம் திருப்பக் கை நீளும். விடாதீர்கள். "எழுத்து கிடக்கட்டும், கதவு கதவுப் பக்கம் இருக்கா?" என்று கேளுங்கள். அப்புறம் படத்தில் ஒரு புள்ளி வைத்து, "இங்கே போய் நில்லு" என்று சொல்லலாம். சில நாள் இதையே விளையாடினாலும் அலுக்காது.

படி 3: மைதானப் படம்

கூகுள் மேப்பின் சாட்டிலைட் படத்தின் மேல் டிரேஸ் எடுங்கள். 1:500 அளவில் ஒரு செ.மீ. என்பது 5 மீட்டர். ஏ4 தாளில் சுமார் 100 மீட்டருக்கு 145 மீட்டர் அடங்கும். கொடிக்கம்பம், வேப்பமரம், சத்துணவுக்கூடம், கைப்பம்பு என்று நகராதவற்றை மட்டும் வரையுங்கள். ஹெச்.எம். பைக் வேண்டாம் (கண்டிப்பாகக் கேட்பார்கள்). வடக்கு அம்புக்குறி அவசியம். காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு. மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கி உதிப்பதால் கணக்கு கொஞ்சம் பிசகும்.

படி 4: தேடல்

போட்டிகளில் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடி கட்டுவார்கள். நமக்கு சார்ட் அட்டை போதும். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் எழுத்து. நீங்கள் நடுவில் நில்லுங்கள். இரண்டிரண்டு பேராக ஓர் இடத்துக்குப் போய், எழுத்தைக் குறித்துக்கொண்டு உங்களிடம் திரும்பிய பிறகே அடுத்த இடம். யார் தடுமாறுகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். எழுத்துகளைச் சேர்த்தால் ஒரு சொல் வரும்படி மட்டும் வைக்காதீர்கள். 'யா' கிடைத்ததுமே 'யானை' என்று எழுதிவிட்டு வந்து நிற்பார்கள்! நடக்கும்போது கட்டைவிரல் படத்தில் தாங்கள் இருக்கும் இடத்தின் மேலேயே இருக்கட்டும்.

இது பழகியதும் எல்லா இடங்களையும் வரிசையாகச் சுற்றலாம். படத்தில் தொடக்கத்துக்கு முக்கோணம், தேடும் இடத்துக்கு வட்டம், முடிவுக்கு இரட்டை வட்டம்.

கிணறு, சாலைப் பக்கம் அட்டை வைக்க வேண்டாம். விசில் கேட்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

படி 5: திசைகாட்டி

சரி, இப்போது கொடுக்கலாம். ஊசியின் வடக்கு முனையும் (பெரும்பாலும் சிவப்பு) படத்தின் வடக்கு அம்பும் ஒரே பக்கம் பார்க்கும்வரை படத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். இரும்பு கேட், செல்போன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊசி ஏமாற்றிவிடும்; பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.