நிரலுக்கு ஜிபியு கிடைக்கிறதா என்று சோதிக்கும் முறை

கணினியில் ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் கிராஃபிக்ஸ் செயலி) பொருத்தப்பட்டிருப்பது வேறு, நாம் எழுதிய நிரலுக்கு அது பயன்படுவது வேறு. அட்டை, டிரைவர், லைப்ரரி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் நிரல் ஜிபியுவில் ஓடும் என்பதால், சோதனையையும் இந்த வரிசையிலேயே செய்வது நல்லது.

என்விடியா அட்டை என்றால், டெர்மினலில் 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையை இயக்குங்கள். அட்டையின் பெயரும் நினைவகப் பயன்பாடும் தெரிந்தால், டிரைவர் வேலை செய்கிறது என்று பொருள். மேலே காட்டப்படும் 'கூடா' (என்விடியா ஜிபியுவில் கணக்கீடுகளை இயக்க உதவும் மென்பொருள் தளம்) பதிப்பெண், டிரைவர் எந்தப் பதிப்பு வரை தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. நிறுவப்பட்ட பதிப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று கொள்ளக் கூடாது.

இயந்திரக் கற்றலுக்கான பைதான் லைப்ரரியான பைடார்ச்சில் 'டார்ச்.கூடா.இஸ்_அவைலபிள்' என்ற ஃபங்ஷன் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என விடை தரும். ஃபால்ஸ் வந்தவுடன் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவ முனைய வேண்டாம். சிபியுவுக்கென்றே (கணினியின் வழக்கமான மையச் செயலி) உருவாக்கப்பட்ட பைடார்ச் நிறுவப்பட்டிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த அட்டை இருந்தாலும் இதே விடைதான் வரும், அப்போது 'டார்ச்.வெர்ஷன்.கூடா' மதிப்பும் 'நன்' (எதுவும் இல்லை) என்றே இருக்கும். 'கூடா_விசிபிள்_டிவைசஸ்' என்ற சூழல் மாறிக்கு -1 என்ற மதிப்பு தரப்பட்டிருந்தாலும், டாக்கர் கண்டெய்னரை (நிரலைத் தனிச் சூழலில் இயக்கும் பெட்டகம்) ஜிபியு அனுமதியின்றித் தொடங்கியிருந்தாலும், அட்டை நிரலின் கண்ணுக்குப் படாது.

ஏஎம்டி அட்டைகளுக்கான 'ராக்எம்' (கூடாவுக்கு இணையான ஏஎம்டியின் தளம்) பைடார்ச் பதிப்பிலும், பெயர் பொருந்தாவிட்டாலும், இதே கூடா ஃபங்ஷனைத்தான் அழைக்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் 'டார்ச்.பேக்கெண்ட்ஸ்.எம்பிஎஸ்' பிரிவில் கேட்க வேண்டும். டென்சர்ஃப்ளோ என்ற மற்றொரு லைப்ரரியில் 'லிஸ்ட்_ஃபிசிக்கல்_டிவைசஸ்' ஃபங்ஷனுக்கு 'ஜிபியு' என்ற வகையைக் கொடுத்து அழைக்கும்போது வரும் பட்டியல் காலியாக இருந்தால் ஜிபியு இல்லை என்று கொள்ளலாம்.

ட்ரூ என்ற விடையையும் முழுமையாக நம்பிவிட முடியாது. அட்டையின் கட்டமைப்புக்கான குறியீடு அந்த லைப்ரரிப் பதிப்பில் சேர்க்கப்படாதிருந்தாலோ, வேறொரு நிரல் நினைவகத்தை நிரப்பியிருந்தாலோ, முதல் கணக்கீட்டிலேயே பிழை எழும். ஆகவே நிரலின் தொடக்கத்தில் இரண்டு சிறிய எண் அணிகளை (மேட்ரிக்ஸ்) ஜிபியுவில் பெருக்கிப் பார்ப்பதே உறுதியான சோதனை என்பேன். ஜிபியு வேலைகள் பின்னணியில் நடப்பதால், பெருக்கலுக்குப் பின், அது முடியும்வரை காத்திருக்கச் செய்யும் 'சின்க்ரனைஸ்' அழைப்பையும் சேருங்கள்; இல்லாவிட்டால் பிழை தொடர்பற்ற வேறொரு வரியில் தலைகாட்டக்கூடும்.

இச்சோதனையை ட்ரை-எக்ஸெப்ட் பகுதிக்குள் எழுதி, தோற்றால் சிபியுவுக்கு மாறச் செய்யலாம். ஆனால் அந்த மாற்றத்தைக் காரணத்தோடு லாக் கோப்பில் பதிவுசெய்வது கட்டாயம். சத்தமின்றி சிபியுவுக்கு மாறிய நிரல் பிழை எதையும் காட்டாமல் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்.