பழைய எம்35ஏ2 லாரிக்கு கேபின் ஹீட்டர் மாட்டுறது எப்படி

எம்35ஏ2 வச்சிருக்கவங்களுக்கு பனிக்காலத்துல அதுல உக்காந்தா எப்படி இருக்கும்னு தெரியும், அமெரிக்க ஆர்மிக்குன்னு செஞ்ச ரெண்டரை டன் வண்டி, மேல கேன்வாஸ் கூரை, பெடல் ஓட்டை வழியா காத்து முழங்கால் வரைக்கும் ஏறும், நாம விடுற மூச்சே கண்ணாடி உள்பக்கம் ஐஸா படிஞ்சிடும், ஒரு கையால சுரண்டிக்கிட்டே ஓட்டணும். அதனாலதான் சொல்றேன், கால் சூட்டுக்கு முன்னாடி கண்ணாடிய யோசிங்க, டக்ட் அவுட்லெட் (சூடு காத்த குழாய்ல அனுப்புற வாய்) இருக்கிற ஹீட்டரா பாத்து வாங்கி ரெண்டு குழாய கண்ணாடி அடிக்கு கொண்டு போங்க.

ஆனா இந்த ஹீட்டருக்கு சூடு எஞ்சின்ல சுத்துற தண்ணில இருந்துதான் வரணும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட்ட பாக்கணும், அதாவது எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மூடியிருக்கிற வால்வு. பல வகை எரிபொருள்ல ஓடுற இந்த மல்டிஃப்யூவல் எஞ்சின் 7.8 லிட்டர், ஐட்லிங்ல விட்டா லேசுல சூடேறாது. ரோட்ல ஓட்டியும் மீட்டர் முள்ளு 180 ஃபாரன்ஹீட் பக்கமே வரலன்னா தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிட்டு இருக்கலாம். நான் முதல் வருஷம் இத பாக்காம விட்டுட்டு ரெண்டு வாரம் ஹீட்டர கழட்டி கழட்டி மாட்டுனேன், கடைசில தெர்மோஸ்டாட்ட மாத்தி ரேடியேட்டர் முன்னாடி கேன்வாஸ் மறைப்பு கட்டுனதும் அன்னைக்கே சூடு வந்துச்சு.

அடுத்தது கரண்டு. வண்டி 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸ்ல இருக்கும். 12 வோல்ட் ப்ளோயர் (ஹீட்டர் ஃபேன்) விலை கம்மின்னு வாங்கி ஒரே பேட்டரில இருந்து கரண்டு எடுக்காதீங்க, அந்த பேட்டரி இறங்கிக்கிட்டே போகும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆகி வீணாப் போகும். 24 வோல்ட் மோட்டாரே வாங்குங்க, இல்லன்னா நடுவுல 24 வோல்ட்ட 12 ஆக்குற ஒரு கன்வெர்ட்டர் போடுங்க. ஃப்யூஸ் கரண்டு எடுக்கிற இடத்துக்கு பக்கத்துலயே இருக்கணும்.

இப்போ ஹோஸ். எஞ்சின் நல்லா ஆறினப்புறம்தான் ரேடியேட்டர் மூடிய தொடணும். கூலண்ட்ட சுத்தமான வாளில பிடிங்க, கீழ சிந்துனா உடனே துடைச்சிடுங்க, இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்குனா செத்துடும். சூடு தண்ணி எடுக்க வேண்டியது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி, எஞ்சின் ஹெட் பக்கம். திரும்பிப் போறது வாட்டர் பம்ப் உறிஞ்சுற பக்கம். தெர்மோஸ்டாட்டுக்கு அப்புறம் எடுத்தா அது திறக்குற வரைக்கும் உள்ள பச்சத் தண்ணிதான். ரெண்டு லைன்லயும் ஒவ்வொரு வால்வு போட்டுடுங்க, நடு ரோட்ல ஹீட்டர் லீக் ஆனா ரெண்டையும் மூடிட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடலாம்.

ஹோஸ் உள்ள வர ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரச் சுவர்) ஓட்டை போட்டதும் விளிம்ப அரம் போட்டு மழுக்கி, பெயிண்ட் தொட்டு, ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புக்கு மாட்டுற வளையம்) மாட்டுங்க. இந்த வண்டி அதிர்ற அதிர்ச்சிக்கு வெறும் தகர விளிம்பு ஹோஸ கத்தி மாதிரி அறுத்துடும். டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் ஹோஸ் போகவே கூடாது. எக்ஸாஸ்ட்ல புகை கசிவு இருந்தா முதல்ல அத அடைங்க, இல்லன்னா ப்ளோயர் அந்தப் புகையையும் கேபினுக்குள்ள இழுத்துடும், அது உயிருக்கே ஆபத்து.

சூடு தண்ணி ஹீட்டருக்குள்ள கீழ் குழாய்ல ஏறி மேல் குழாய் வழியா வெளிய போற மாதிரி மாட்டுனா காத்து தானா வெளியேறும். கூலண்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க, மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உறையாது. வண்டி மூக்கு மேட்டு பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தி, வால்வு ரெண்டையும் திறந்து ஓட விடுங்க, அப்புறம் ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு கொதிச்சு இன்னொண்ணு ஜில்லுன்னு இருந்தா பெரும்பாலும் ஏர் லாக்தான், அதாவது உள்ள காத்து மாட்டிக்கிட்டு தண்ணிய ஓட விடல, ஆறவிட்டு திரும்ப ஊத்தணும். ரெண்டு மூணு தடவ சூடாகி ஆறினப்புறம் எல்லா ஹோஸ் கிளாம்பையும் இன்னொரு தடவ இறுக்கிடுங்க, ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.